கண்ணாடித் தரை

ஜூன் 27

வதனி போன் செய்தாள். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் அவள் குரலைக் கேட்கிறேன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "அப்பா, நீங்க பெயிண்ட் கம்பெனியில இருந்தவர்தானே? ஒரு தரையைப் பாத்துச் சொல்லணும்" என்றாள்.

என் மகள் பிசியோதெரபி படித்துவிட்டு, சில வருடங்கள் ஒரு மருத்துவமனையில் உழைத்தாள். இப்போது சொந்தமாகக் கிளினிக் திறக்கப் போகிறாளாம். உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய தெருவில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்ட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். பிடித்துக் கொடுத்தது அவளுடைய தாய்மாமன் கருணாகரன். உள்வேலைகளைச் செய்யப் போவதும் அவர்தான். கட்டட கான்ட்ராக்டர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர் கட்டிய வீடுகளில் திருச்சியில் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

என் மனைவி வசுமதி அவள் அம்மாவுக்குத் துணையாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வதனியும் அங்கேதான். எனக்கு அது வசதி. வீட்டில் சத்தமில்லை.

நாளை போகிறேன். ஆர்வம் ஒன்றும் இல்லை. கேட்டாள், அதனால்.

ஜூன் 28

தெருவிலிருந்து ஒரு சரிவு கீழே இறங்குகிறது. அதன் முடிவில் இரும்பு ஷட்டர். உள்ளே நீளமான கூடம். ஜன்னல் என்று எதுவும் இல்லை. பின்சுவரில், கூரைக்கு அருகில், ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

உள்ளே போனதும் மூக்கு சொல்லிவிட்டது. நனைந்த சாக்கின் வாசனை. வெறும் கான்கிரீட் தரை. வாய்க்கால் பக்கச் சுவரோரம் ஒரு கருந்திட்டு, யாரோ படுத்து எழுந்துபோனது போல. விரலை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

"இங்க வர்றவங்க எல்லாம் முட்டி ஆபரேஷன் ஆனவங்கப்பா. பக்கவாதம் வந்தவங்க. தரையில ஈரம் நின்னா வழுக்கி விழுந்துருவாங்க. ஒருத்தர் விழுந்தா போதும், கிளினிக்கை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள்.

இளைத்திருக்கிறாள். ஏன் இளைத்தாய் என்று கேட்கத் தோன்றியது. கான்கிரீட் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டேன்.

ஜூலை 1

பாலிதீன் தாளைச் சதுரமாக வெட்டி, தரையில் அங்கங்கே வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். இன்று போய்ப் பார்த்தேன். தாளின் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கருந்திட்டில் மட்டுமல்ல, கூடத்தின் நடுவிலும்.

ஈரம் மேலிருந்து வரவில்லை. கீழிருந்து ஏறுகிறது. போன வாரம் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அது ஓடும் வரை இந்தத் தரைக்கு அடியில் மண் ஊறிக்கொண்டே இருக்கும்.

கருணாகரன் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன்.

"என்ன மாப்ளே, தரைக்குக் கட்டுப் போட்டுருக்கீங்க? அதுக்கும் பிசியோதெரபியா?"

கூட வந்த ஆட்கள் சிரித்தார்கள். வதனியும் லேசாகச் சிரித்தாள். நான் தாளைப் பிரித்து அடியிலிருந்த தண்ணீரைக் காட்டினேன்.

"மே மாசம் நான் பாத்தப்ப எலும்பாட்டம் காஞ்சு கெடந்துச்சு மாப்ளே."

"மே மாசம் வாய்க்காலும் காஞ்சு கிடந்துச்சு மச்சான்."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பேச்சில் நான் அவரை மடக்கியது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இதுவே முதல் முறையாக இருக்கும்.

ஜூலை 5

வதனிக்கு விளக்கினேன். எபாக்சி என்பது பிளாஸ்டிக் தோல் போல. பளபளக்கும், துடைக்க எளிது, ஆனால் மூச்சு விடாது. கீழிருந்து ஏறும் ஈரம் அதன் அடியில் முட்டி முட்டி, கடைசியில் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் உடைந்தால் விளிம்பு பெயர்ந்து காலில் இடறும். சிமென்ட் கலந்த பூச்சு வேறு ரகம். தண்ணீரைத் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். சாம்பல் நிறம், பளபளப்பு கிடையாது. மேலே மணல் கலந்து ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் கால் வழுக்காது.

மாதிரிப் பலகையைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி இருக்கேப்பா."

அழகுக்கா தரை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. "கத்தாதீங்க" என்றாள். நான் கத்தவில்லை.

ஜூலை 9

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொண்டுபோனேன். கருணாகரன் தன் பிரதியால் விசிறிக்கொண்டார். அவர் கொண்டுவந்திருந்தது ஒரு புகைப்படம், மதுரையில் ஏதோ மருத்துவமனையின் தரை. மேலே எரியும் விளக்குகள் எல்லாம் தரைக்குள்ளும் எரிகின்றன. பெயிண்டை இளக்கும் தின்னர் கலந்த எபாக்சி பிரைமர் அடியில், அதன்மேல் மினுக்குவதற்குப் பாலியூரத்தேன் டாப் கோட்.

"பாப்பா, உள்ள வர்ற பேஷண்டு மொதல்ல தரையத்தான் பாப்பான். மொகம் தெரியணும். அப்பதான் டாக்டர் மேல நம்பிக்கை வரும்."

"முகம் பார்க்கிறதுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டலாமே" என்றேன்.

"மாப்ளே, நீங்க எழுதிக் குடுத்தது எல்லாம் கரெக்டாத்தான் இருக்கும். நீங்க எப்பவும் கரெக்டு. கரெக்டா இருந்து என்னத்தச் சாதிச்சீங்கன்னுதான் தெரியல."

வதனி இருவரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஜூலை 13

மாமாவின் தரைதானாம். மெசேஜில் சொன்னாள். 'தேங்க்ஸ்பா' என்றும் இருந்தது.

எனக்கு வருத்தம் இல்லை. தொழிற்சாலையிலும் இப்படித்தான். தரக்கட்டுப்பாட்டில் இருந்துகொண்டு இந்தச் சரக்கு வெளியே போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். சரக்கு வெளியே போயிற்று, நான் ஸ்டோருக்குப் போனேன். பிறகு விருப்ப ஓய்வு. அதில் விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு டுடோரியலில், பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர்களுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன்.

ஐப்பசி மழை வரட்டும். தரை பேசும்.

ஜூலை 22

ஆடி பிறந்துவிட்டது. திறப்பு விழா ஆவணி முதல் முகூர்த்தத்தில். அதனால் அவசரமில்லாமல் வேலை நடக்கிறது. டுடோரியலுக்கு அந்தத் தெரு வழியாகவும் போகலாம், கொஞ்சம் சுற்று. போகும்போது எட்டிப் பார்த்தேன். தரையைச் சூட்டு விளக்கு வைத்துக் காயவைக்கிறார்கள். மேல்தோல் வெளுத்திருக்கிறது. அவ்வளவுதான், அடியில் அதே ஈரம்.

மாமியாரின் இரண்டாம் வருடத் திதி போன வாரம் முடிந்ததாம். அவருக்குத் துணையாக என்று போன வசுமதி இன்னும் திரும்பவில்லை. சொந்தக்காரர் ஒருவர் கடைத்தெருவில் சொன்னார். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 4

பதினெட்டாம் பெருக்குக்கு ஆட்கள் எல்லாம் ஆற்றுக்குப் போய்விட்டதால் நேற்று வேலை இல்லை. இன்று பார்த்தேன். அடித்த பிரைமர் இன்னும் கையில் ஒட்டுகிறது. ஈரத் தரையில் வேறென்ன ஆகும். தின்னர் கூட ஊற்றி இன்னொரு தடவை அடிக்கச் சொல்லியிருக்கிறார் கருணாகரன். சரிவில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12

இன்றும் அந்த வழியாகத்தான் போனேன். சரிவின் பாதியிலேயே வாடை. தலை லேசாகக் கிறுகிறுத்தது. உள்ளே ரோலர் தள்ளுகிறவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்குகிறார். "எரியுது சார் கண்ணு" என்றார். அந்த ஒற்றை ஃபேன் ஓடுகிறது. ஆனால் அது இருப்பது கூரைக்கு அருகில். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு தேங்கும். பள்ளத்தில் நிற்கும். அந்தக் கூடமே ஒரு பள்ளம்.

வீட்டுக்கு வந்தும் வாடை போகவில்லை. சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. வேலை எதுவும் ஓடவில்லை.

தொழிற்சாலையின் கலவை அறையில் ஒரு தடவை தீப்பிடித்தது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. எல்லோரும் தீ என்றால் மஞ்சளாக, மேலே எழும் என்று நினைக்கிறார்கள். அது அப்படி வரவில்லை. நீலமாக, முழங்காலுக்குக் கீழே, தரையோடு ஓடிவந்தது. சத்தம்கூட இல்லை. ஃபோர்மேன் அந்தோணிசாமி தன் கால்களைக் குனிந்து பார்த்தார், யாரோ தொட்டது போல.

இதை ஏன் இன்று எழுதினேன்?

ஆகஸ்ட் 18

வசுமதி போன் செய்தாள்.

"வியாழக்கெழம திறப்பு. ஒம்பதே காலுக்குப் பால் காய்ச்சணும். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வாங்க. வாயத் தெறக்காம வாங்க."

"பால் எங்க காய்ச்சுறீங்க?"

"எங்க காய்ச்சுவாங்க? புது எடத்துலதான். கீழதான்."

"பெயிண்ட் வேலை முடிஞ்சிடுச்சா?"

"கடைசிக் கோட்டு பொதங்கெழம அடிக்கிறாங்க. அண்ணன் எல்லாம் பாத்துக்குவாரு."

புதன் அடித்து வியாழன் அடுப்பு. போனை வைத்த பிறகும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

கருணாகரனைக் கூப்பிட்டேன். பொறுமையாகவே பேசினேன். ஃப்ளாஷ் பாயின்ட் என்கிற தீப்பற்றும் வெப்பநிலை, ஆவியின் அடர்த்தி, காற்றில் எத்தனை சதவீதம் சேர்ந்தால் ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"மாப்ளே, நான் கட்டுன எல்லா வீட்லயும் பெயிண்ட் வாசம் போறதுக்கு முன்னாடிதான் பால் காய்ச்சிருக்கோம். எந்த வீடு பத்திக்கிச்சு?"

"அந்த வீட்டுக்கெல்லாம் ஜன்னல் இருந்துச்சு மச்சான்."

"இங்க ஃபேன் இருக்குல்ல. ராப்பூரா ஓடும். போதுமா? அப்பனாச்சேன்னு பாக்குறேன். நல்ல காரியத்துக்கு முன்னாடி தீ, தீன்னு வாயில வராதீங்க."

ஃபேன் ஓடும் என்று சொல்லிவிட்டார். அது ஓடினால் ஓரளவு பரவாயில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடத்தின் கொள்ளளவு, தின்னரின் அளவு, ஃபேன் வெளியேற்றும் காற்று. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் ஆபத்து எல்லைக்கு வெகு கீழே. ஃபேன் நின்றால் விடை வேறு. தரைக்கு அருகில் மட்டும் எவ்வளவு தேங்கும் என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை.

போக வேண்டாம் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாயிற்று, போனிலும் சொல்லியாயிற்று. இதற்கு மேல் நான் செய்ய என்ன இருக்கிறது. அப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்காவது

மேலே உள்ள வரியை முடிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 20

மாலை போனேன். தரை முடிந்துவிட்டது. சரிவின் அடியில் நின்று பார்த்தபோது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், கூடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தது போல இருந்தது. விளக்குகள் தரைக்குள் தலைகீழாக எரிந்தன. ஃபேன் ஓடியது.

வதனி உள்ளே, ஓரத்தில் போட்ட பலகை மேல் நின்றிருந்தாள். "அப்பா, காலை வைக்காதீங்க, தடம் பதிஞ்சிரும்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாட்களில் நான் பெரும்பாலும் ஷிப்டில் இருந்தேன்.

"எப்படிப்பா இருக்கு?"

"தலை வலிக்குதா உனக்கு?"

"காலையிலேருந்து. அலைச்சல்."

அலைச்சல் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்கள் சிவந்திருந்தன. நாளை அடுப்பை மேலே, வாசலில் வைத்துக்கொள் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"ஒரு தடவையாவது, நல்லா இருக்கு வதனின்னு சொல்லக் கூடாதாப்பா?"

நல்லா இருக்கு என்றேன். அவள் காதில் அது விழுந்ததா தெரியாது. மாமாவுடன் போனில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 21

எழுத மனம் வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம். மேலே நாற்காலிகளில் சொந்தக்காரர்கள். குடும்பத்தார் மட்டும் கீழே போயிருந்தார்கள். சரிவில் இறங்கினேன். ஷட்டர் இடுப்பளவுக்கு இறக்கப்பட்டிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

முதலில் கேட்டது சத்தமில்லாமை. ஃபேன் நின்றிருந்தது.

"ஃபேனை யார் நிறுத்தினது?"

"வெளக்கு நிக்க மாட்டேங்குது. காத்துல ரெண்டு தடவ அணைஞ்சுபோச்சு. அணைஞ்சா நல்லதா? நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் வசுமதி. அதற்காகத்தான் ஷட்டரையும் இறக்கியிருக்கிறார்கள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கோலம் போட்டதிலிருந்து என்றாள். கோலம் எப்போது போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

அந்த வாடை கண்ணைக் குத்தியது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் அதை மூடியிருந்தன, அவ்வளவுதான். குத்துவிளக்கு ஒரு மேசை மேல் எரிந்துகொண்டிருந்தது. அந்த உயரத்துக்கு ஆவி வராது. அடுப்பு அப்படி அல்ல. ஈசான மூலையில் தரை மேல் மூன்று செங்கல், நடுவில் சின்ன கேஸ் அடுப்பு, அதன்மேல் மஞ்சள் கட்டிய எவர்சில்வர் பானையில் பால். வதனி மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். கையில் தீப்பெட்டி. பட்டுப்புடவை. முந்தானை பின்னால் தரையில் நீளமாகக் கிடந்தது.

"பத்த வைக்காதே" என்றேன்.

"வாங்க மாப்ளே" என்றார் கருணாகரன். "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க."

"மச்சான், ஃபேனைப் போடுங்க. ஷட்டரைத் தூக்குங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வச்சுக்கலாம். இதோட ஃப்ளாஷ் பாயின்ட்…"

"நேரம் போகுதுங்க" என்றாள் வசுமதி. "வாயத் தெறக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"வயித்தெரிச்சல்மா" என்றார் கருணாகரன். "தரை நல்லா வந்துருச்சுல்ல. நீ பத்த வை பாப்பா. தாய்மாமன் நான் சொல்றேன்."

வதனி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். குச்சியை எடுத்தாள்.

பானையைத் தூக்கியது நினைவிருக்கிறது. பாலை அவள் கைகள் மேல் ஊற்றியது நினைவிருக்கிறது. தீப்பெட்டி, குச்சி, புடவை, அடுப்பு எல்லாம் பாலாயிற்று. அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேசைக்குப் போய், ஐந்து முகமும் எரிந்த விளக்கை வாயால் ஊதினேன். ஒவ்வொன்றாக. யாரும் தடுக்கவில்லை. என்னை நம்பியதால் அல்ல. ஒருவன் அப்படிச் செய்வான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை.

வசுமதி தலையில் அடித்துக்கொண்டாள். "நீயெல்லாம் மனுஷனா? பெத்த பொண்ணு வெளக்கை ஊதி அணைக்கிறியே!" கருணாகரன் என் சட்டையைப் பிடித்தார். வதனி தீப்பெட்டியைக் கீழே போட்டாள். முழங்கையிலிருந்து பால் சொட்ட எழுந்து, ஷட்டரைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறிப் போனாள்.

மேலே வாசலில் வேறு அடுப்பு வைத்து, பாக்கெட் பாலை நல்ல நேரத்துக்குள் காய்ச்சிவிட்டார்கள். பொங்கியதும் சங்கு ஊதினார்கள். நான் எதிர்ச்சாரியில், பூட்டிய ஒரு கடை வாசலில் நின்று கேட்டேன்.

எதுவும் நடக்கவில்லை. அந்தக் கட்டடம் அப்படியே நிற்கிறது.

ஆகஸ்ட் 22

டுடோரியலுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 26

ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. என் சொந்தத் தம்பியே சேலத்திலிருந்து போன் செய்து, "ஏண்ணே, உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்டான். பெண்ணின் வாழ்வில் விளக்கை ஊதியவன். இனி என் பெயர் அதுதான்.

கலவை அறைத் தீயைப் பார்த்தவனுக்குத் தெரியும். இவர்களுக்கு எப்படித் தெரியும்? தீ வந்திருந்தால் தெரிந்திருக்கும். வராததை எதைக் கொண்டு காட்டுவது?

ஆகஸ்ட் 30

மறுபடி கணக்குப் போட்டேன். இதை அச்சடித்து வதனிக்கு அனுப்பினால் புரிந்துகொள்வாள் என்று தோன்றியது.

ஃபேன் நின்ற நேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஆபத்து எல்லையைத் தொடவில்லை. கூட்டிப் போட்டால் தொடுகிறது. இரவு முழுவதும் ஃபேன் ஓடியதால் பெரும்பகுதி ஆவி முன்பே போயிருக்கலாம். ஈரத்தில் பூச்சு காயாமல் கிடந்ததால் போகாமலும் இருந்திருக்கலாம். காலை முதல் எத்தனையோ முறை போட்டுவிட்டேன். எந்த எண்ணை வைத்தால் எனக்கு வேண்டிய விடை வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்த எண்ணையே திரும்பத் திரும்ப வைக்கிறேன் என்பதையும் கண்டுபிடித்தேன்.

கருணாகரன் சொன்ன அந்த வார்த்தை. வயிற்றெரிச்சல்.

அச்சடிக்கவில்லை.

செப்டம்பர் 3

தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த முந்தானை. நீலமாக ஒன்று அதை நோக்கி ஓடுகிறது. சில சமயம் ஓடுவதில்லை. அவள் குச்சியைக் கிழிக்கிறாள், அடுப்பு எரிகிறது, பால் பொங்குகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் மட்டும் காலிப் பானையோடு நிற்கிறேன். இரண்டாவதுதான் அதிகம் வியர்க்க வைக்கிறது.

செப்டம்பர் 9

மாலையில் வதனி வந்தாள். இந்த வீட்டுப் படியேறி வருடம் ஒன்றுக்கு மேல் இருக்கும். கிளினிக்கின் நீலச் சட்டையோடு வந்தாள். உட்காரச் சொல்ல, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினேன். வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"தரையில கொப்புளம் வந்திருக்குப்பா. வாய்க்கால் பக்கம். அமுக்கினா உள்ள தண்ணி ஓடுது."

இந்த வாக்கியத்தை ஜூலையிலிருந்து நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், மனத்துக்குள். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது. வாயில் வந்தது வேறு.

"யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல. அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு மறிச்சு வச்சிருக்கேன். மாமா மறுபடி அதையே அடிச்சுத் தர்றேங்கிறார். நான் வேணாம்னுட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதுக்காக வரல. ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லணும்."

"கேள்."

"அன்னைக்குப் பத்தியிருக்குமா?"

பத்தியிருக்கும் என்று சொன்னால் போதும். இந்தப் பூமியில் யாரும் அதைப் பொய்யென்று நிறுவ முடியாது. கருணாகரன் ஒழிந்தார், வசுமதி வாயை மூடுவாள், என் மகள் உயிரைக் காப்பாற்றியவனாக நான் வெளியே தலை நிமிர்ந்து நடக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தேன். அவளும் அந்தப் பதிலைத்தான் விரும்பினாள் என்று நினைக்கிறேன். அது கிடைத்தால் அவளுக்கும் எல்லாம் சுலபம்.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியலையா?"

"கணக்குப் போட்டேன். பத்தியிருக்கலாம். பத்தாமலும் போயிருக்கலாம்."

"அப்புறம் எதுக்குப்பா?" அவள் குரல் உடைந்தது. "அத்தனை பேர் முன்னாடி. அம்மா அழுதுட்டே இருக்காங்க இன்னும். தெரியாமலா பாலைக் கொட்டினீங்க? தெரியாமலா விளக்கை ஊதினீங்க?"

"நீ குனிஞ்சிருந்த. புடவை தரையில கிடந்துச்சு. எனக்குப் பயமாயிடுச்சு."

"பயமா?"

"ஆமா."

"மாமா மேல கோவம்னுதான் நெனச்சேன்."

"அதுவும் இருந்துச்சு. ரெண்டும் இருந்துச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. கையிலிருந்த துணிகளை அப்போதுதான் கட்டிலில் போட்டேன்.

"பயமா இருக்கு வதனின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அடுப்பை மேல தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள். "நீங்க ஃப்ளாஷ் பாயின்ட்டுன்னு ஆரம்பிச்சீங்க."

மன்னித்துவிட்டாளா என்று தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. எழுந்து செருப்பு போடும்போது, ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வரமாட்டார்கள், வந்து பாருங்கள் என்றாள். மாமா வருவாரா என்று கேட்க இருந்தேன். கேட்கவில்லை. தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 13

நாளை ஞாயிறு. உளி, சுத்தியல், பாலிதீன் தாள், டேப் எடுத்து வைத்திருக்கிறேன். கொப்புளத்தை உடைத்து, பூச்சைச் சுரண்டி எடுத்தால்தான் அடியில் என்ன நிலை என்று தெரியும். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தும் வரை எந்தப் பூச்சும் அடிக்கக் கூடாது. தை மாதம் வரை வெறும் கான்கிரீட்டில்தான் அவள் கிளினிக் நடத்த வேண்டியிருக்கும். அதைச் சொல்லியாக வேண்டும்.

நாள் முழுவதும் நானும் அவளும் அந்தக் கூடத்தில் இருப்போம். உளியின் சத்தம் நிற்கும்போதெல்லாம் ஏதாவது பேச வேண்டியிருக்கும். தரையைத் தவிர அவளிடம் நான் என்ன பேசியிருக்கிறேன்?

பயமாக இருக்கிறது.